இனிக்கும் வெள்ளை

பிப்ரவரி 3, செவ்வாய்

இதை எடுத்துப் படிக்கிறவர் யாராக இருந்தாலும் உங்கள் காலில் விழுந்து கேட்கிறேன், யாருக்கும் காட்டாதீர்கள். அப்பாவிடம் காட்ட வேண்டாம். பள்ளிக்கூடத்தில் காட்ட வேண்டாம். மோகனரங்கம் சாரிடம் காட்டவே வேண்டாம். அரிசி டிரம்முக்குப் பின்னால் எப்படிச் செருகியிருந்ததோ அப்படியே செருகிவிட்டுப் போய்விடுங்கள். நீங்கள் காட்டினால் அப்பாவைப் போலீஸ் கூட்டிக்கொண்டு போய்விடும். அம்மா இப்போது இருக்கிற நிலைமையில் அதைத் தாங்க மாட்டாள்.

என் பெயர் ஜெனிட்டா. பழவேற்காட்டில் ஒன்பதாவது படிக்கிறேன். அப்பா சவரிமுத்து முன்பு விருத்தாசலத்தில் பீங்கான் கம்பெனியில் வேலை பார்த்தார். கம்பெனியை மூடியதும் அம்மாவின் ஊரான இங்கே வந்துவிட்டோம். அம்மா பெயர் பிலோமினா. படகுகளுக்குப் பெயரும் பூவும் எழுதுகிற குடும்பம் அவளுடையது, அதனால் பிரஷ் அவள் கையில் நடுங்காது.

அம்மா வயிற்றில் பாப்பா இருக்கிறது. இதற்கு முன் இரண்டு பாப்பா தங்கவில்லை. இது தங்க வேண்டும். எனக்கு வேறு எதுவும் வேண்டாம்.

யார் கேட்டாலும் பூந்தொட்டி செய்கிறோம் என்று சொல்லச் சொல்லியிருக்கிறார் அப்பா. கொட்டகையின் முன்னால் நாலைந்து தொட்டிகளும் வைத்திருக்கிறோம். ஆனால் உள்ளே செய்வது டச்சு டைல். ஒரு சாண் அகலத்தில் வெள்ளையாக, நடுவில் நீலப் படத்தோடு இருக்கும். அந்தக் காலத்தில் டச்சுக்காரர்கள் இங்கே கோட்டை கட்டி இருந்தார்களே, அவர்கள் வீட்டுச் சுவரிலிருந்து பெயர்த்து எடுத்தது என்று சொல்லி மோகனரங்கம் சார் பெரிய ஆட்களிடம் விற்கிறார். எல்லாம் போன மாதம் செய்தது.

டார்ச் மங்குகிறது. போர்வைக்குள் மூச்சு முட்டுகிறது.

பிப்ரவரி 5

பள்ளியில் கைக்குட்டையை மறந்து விட்டுவிட்டேன். நகத்துக்கு அடியில் இருக்கும் சாயக் கறுப்பு போகவேயில்லை. சோப்பு, தேங்காய் நார், எதற்கும் போகவில்லை.

பிப்ரவரி 7, சனி

இன்று முழுவதும் கொட்டகையில் இருந்தேன். எப்படிச் செய்கிறோம் என்று எழுதி வைக்கிறேன். எழுதினால் என் மனதில் இருப்பது ஒழுங்காகும் என்று நினைக்கிறேன்.

அப்பா ஏரியில் அள்ளிய கிளிஞ்சலை மாவாக இடித்துக் களிமண்ணோடு பிசைகிறார். அது இல்லாவிட்டால் மேலே பூசும் வெள்ளை சூளைக்குப் பிறகு உதிர்ந்துவிடுமாம். பிசைந்ததைத் தட்டையாக்கி, ஒரு சதுரப் பலகையை வைத்து ஓரம் வெட்டுவார். பலகை நகராமல் இருக்க அதன் மூலைகளில் ஆணி முனை நீட்டிக்கொண்டிருக்கும். அதனால் டைலில் சின்னச் சின்னக் குழி விழும். டச்சுக்காரர்களும் அப்படித்தான் வெட்டினார்களாம். குழி இல்லாவிட்டால் விஷயம் தெரிந்தவர்கள் புதுசு என்று கண்டுபிடித்துவிடுவார்கள்.

முதல் தடவை சூளையில் வெந்ததும் டைல் வெறும் மண் நிறத்தில்தான் இருக்கும். வெள்ளை தனியாகச் செய்ய வேண்டும். பழைய பேட்டரியிலிருந்து எடுத்த காரீயத்தையும், பாத்திரத்துக்குப் பூசுகிற வெள்ளீயத்தையும் இரும்புச் சட்டியில் போட்டு அப்பா உருக்குவார். கிண்டிக்கொண்டே இருந்தால் அது மஞ்சளாகப் பொடிந்து சாம்பல் ஆகும். புகை எப்போதும் சமையல்கட்டுப் பக்கம்தான் வரும். அந்தச் சாம்பலோடு மணலும் உப்பும் சேர்த்துச் சுட்டு, பழைய கிரைண்டரில் தண்ணீர் விட்டு அம்மா அரைப்பாள். பார்த்தால் இட்லி மாவுதான். அதை டைல்மேல் ஊற்றியதும் மண் தண்ணீரைக் குடித்துவிடும், வெள்ளை மட்டும் மாவு மாதிரி மேலே நிற்கும்.

அந்த மாவின்மேல்தான் படம். ஊசியால் குத்திய காகிதத்தை வைத்துக் கரித்தூள் கட்டிய துணி முடிச்சால் தட்டினால் புள்ளி புள்ளியாகப் படம் இறங்கும். புள்ளிகளை அம்மா பிரஷால் சேர்ப்பாள். கோபால்ட் சாயம் இப்போது கறுப்பாகத்தான் இருக்கும், சூளையில்தான் நீலமாகும். ஒரு கோடு தப்பினால் அழிக்க முடியாது. மாவு சாயத்தை உறிஞ்சிவிடும். அதனால் ஒவ்வொரு கோட்டுக்கும் முன்னால் அம்மா பிரஷ் முனையை உதட்டில் வைத்துக் கூராக்கிக்கொள்வாள். படகுக்கு எழுதுகிறவர்கள் எல்லோரும் அப்படித்தான் செய்கிறார்கள். நானும்தான்.

மூலைப் பூவை எனக்குக் கொடுத்திருக்கிறாள். டச்சுக்காரர்கள் அதை மாட்டுத் தலை என்பார்களாம். அம்மா நண்டு என்கிறாள்.

"நண்டுக்குக் காலு எத்தினி? நீ இன்னாடி பூரானாட்டம் இழுத்துக்கினு போற?"

"இதுக்குக் காலே கிடையாதும்மா. இது மாடு."

"எங்கனா மாட்டுக்கு இப்பிடி கொடுக்கு மொளைக்குமா? நண்டுதான். தொப்பிக்காரன் இங்க வந்து துன்னுட்டுப் போய் வரைஞ்சிருப்பான்."

இருவரும் ரொம்ப நேரம் சிரித்தோம். அம்மாவின் உதடு முழுக்கக் கறுப்பு.

பிப்ரவரி 10, செவ்வாய்

பள்ளியிலிருந்து வந்தபோது மோகனரங்கம் சார் கொட்டகையில் இருந்தார். ஒரு டைலை உயர்த்திப் பிடித்துச் சிரித்துக்கொண்டிருந்தார்.

"சவரி, உன் பொண்டாட்டி என் மானத்த வாங்கப் பாக்குறா. ஹாலந்துல எந்தப் பொம்பளைய்யா இடுப்புல கொடம் வச்சிட்டுப் போறா?"

படத்தில் தண்ணீர் எடுத்துப் போகும் டச்சுப் பெண், தோளில் கட்டை வைத்து இரண்டு பக்கமும் வாளியைத் தொங்கவிட்டிருக்க வேண்டும். காகிதம் கிழிந்திருந்ததால் அம்மா கைப்போக்கில் வரைந்துவிட்டாள். தொப்பியும் குட்டைக் கவுனுமாக இருந்த அந்தப் பெண் இடுப்பை ஒடித்துக் குடத்தை வைத்திருந்தாள். எங்கள் தெருக் குழாயடியில் நிற்கிற மாதிரியே இருந்தது.

"தோள்ல வச்சா வலிக்கும்ல சார்," என்றாள் அம்மா.

"வலிக்கட்டும்மா! நானூறு வருசமா வலிச்சிட்டுதான் இருக்கு. நீ ஏன் எறக்கி வைக்கிற?"

அப்பாவும் சிரித்தார். சாருக்குக் கோபம் இல்லை என்று தெரிந்ததும் நான் கேட்டேன், டச்சுக்காரர்கள் இதை எங்கே கற்றுக்கொண்டார்கள் என்று. சாருக்குப் பேசப் பிடிக்கும். அவர்களுக்குச் சீனப் பீங்கான்மேல் கொள்ளை ஆசையாம். கப்பல் கப்பலாக வாங்கினார்களாம். பிறகு சீனாவில் சண்டை வந்து சரக்கு வருவது நின்றது. அந்த மாதிரி வெள்ளை மண் அவர்கள் நாட்டில் கிடையாது. அதனால் சொந்த மண்ணின்மேல் ஈய வெள்ளையைப் பூசி மறைத்து, சீனாக்காரன் மாதிரியே நீலத்தில் வரைந்து விற்றார்களாம். டெல்ஃப்ட் என்ற ஊரில் பீர் காய்ச்சுகிற தொழில் படுத்துக் கிடந்ததால் அந்தக் கட்டடங்களிலேயே சூளை வைத்தார்களாம். அந்த வித்தையும் இத்தாலிக்காரர்களிடமிருந்து வந்ததாம்.

"அப்ப அவங்களும் காப்பிதானே சார் அடிச்சாங்க?"

"அவன் அடிச்சா அது சரித்திரம். நாம அடிச்சா செக்சன் நானூத்தி இருவது. போய்ப் படி, போ."

எனக்கு இன்னும் புரியவில்லை. சீனாக்காரனைப் பார்த்து டச்சுக்காரன், டச்சுக்காரனைப் பார்த்து அம்மா. இதில் யாருடையது பொய்?

ஈஸ்டருக்கு முன்னால் ஒருவர் புது பங்களா முழுக்கப் பதிக்கிறாராம். இரண்டு சூளை நிறைய வேண்டும் என்றார் சார். போகும்போது அப்பா வாசல்வரை போய், "வயித்துல புள்ளையோட உக்காந்து எழுதறா சார்," என்றது கேட்டது. "உக்காந்துதானே எழுதறா?" என்றார் சார்.

பிப்ரவரி 12

அப்பா தினமும் அம்மாவுக்குப் பால் வாங்கிவருகிறார். தம்ளரைப் பிடித்துக்கொண்டு குடித்து முடிக்கும்வரை நிற்கிறார். எனக்கும் அரைத் தம்ளர். வாழைப்பழமும் உண்டு. இவ்வளவு பாசமான அப்பாவைப் போலீஸ் பிடிக்கக் கூடாது.

பிப்ரவரி 14, சனி

ஒன்று பார்த்துவிட்டேன்.

வெள்ளை கலக்கும் அண்டாவின் விளிம்பில் சிந்தினது காய்ந்து அப்பளம் மாதிரி உரிந்து நிற்கும். அப்பா வெளியே போனதும் அம்மா அதில் ஒரு துண்டைப் பிய்த்து வாயில் போட்டுக்கொண்டாள். அப்புறம் இன்னொரு துண்டு. கண்ணை மூடிக்கொண்டு சப்பினாள். கல்கண்டு சப்புகிற மாதிரி.

"அம்மா!"

திடுக்கிட்டாள். அப்புறம் சிரித்தாள். "கத்தாதடி. மசக்கை. வயித்துல நீ இருந்தப்ப அடுப்புச் சாம்பல் துன்னேன். உங்க சித்தி செவுத்துச் சுண்ணாம்பையே பேத்துத் துன்னா. இது கொஞ்சம் இனிப்பா கீது, அவ்ளோதான்."

"அப்பாவுக்குத் தெரியுமா?"

"சொன்னா கத்துவாரு. நீயும் சொல்லாத. எம்மேல சத்தியம்."

அம்மாமேல் சத்தியம் செய்தேன். மற்ற இரண்டு பாப்பா வயிற்றில் இருந்தபோதும் தின்றாயா என்று கேட்டேன். அம்மா கிரைண்டரைப் போட்டுவிட்டாள். அந்தச் சத்தத்தில் எதுவும் கேட்காது.

மசக்கையில் மண் தின்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். தெருவில் கேட்டால் எல்லோரும் சிரிப்பார்கள். பிறகு எனக்கு ஏன் சிரிப்பு வரவில்லை?

பிப்ரவரி 16

வகுப்பில் மிஸ் கேள்வி கேட்டார். போன வாரம் ஒப்பித்த பாடம்தான். எழுந்து நின்றேன், ஒரு வார்த்தையும் வரவில்லை. "தூங்குமூஞ்சி," என்றார். எல்லோரும் சிரித்தார்கள். வயிறும் வலித்துக்கொண்டே இருந்தது.

பிப்ரவரி 17

இன்று மிஸ் கேள்வி கேட்டார். எழுந்து நின்றேன். எதுவும் வரவில்லை. தூங்குமூஞ்சி என்றார்.

முன் பக்கத்தைத் திருப்பிப் பார்த்தேன். இதை நேற்றே எழுதியிருக்கிறேன். அப்படியென்றால் இன்று என்ன நடந்தது?

பிப்ரவரி 19, வியாழன்

சூளை பிரித்தோம். டைல் அடுக்கிய மண் பெட்டிகளைத் திறக்கத் திறக்க உள்ளே ஏரி மாதிரி இருந்தது. கறுப்பாகப் போனதெல்லாம் நீலமாக வந்திருந்தது. கப்பல், மீன் பிடிக்கிறவன், பம்பரம் விடுகிற பையன். வெள்ளை அப்படிப் பளபளத்தது, உள்ளே மண் இருக்கிறதென்று சத்தியம் செய்தாலும் நம்ப மாட்டார்கள். என் நண்டுகள் எல்லா மூலையிலும் இருந்தன. எனக்குப் பெருமையாக இருந்தது. அது தப்பா என்று தெரியவில்லை.

அம்மா ஒரு டைலை எடுத்தாள். அது கையிலிருந்து நழுவி உடைந்தது. இன்னொன்றை எடுத்தாள், அதுவும் விழுந்தது.

"இன்னாடி, கைல வெண்ணெயா?" என்று அப்பா சிரித்துக்கொண்டே திரும்பினார். அம்மா வலது கையை நீட்டிக்கொண்டிருந்தாள். மணிக்கட்டுக்குக் கீழே கை வாடின இலை மாதிரி தொங்கியது. தூக்கப் பார்க்கிறாள், தூக்க வரவில்லை.

"மரத்துப்போச்சுங்க. உதறினா சரியாப் பூடும்."

அப்பா சிரிப்பை நிறுத்திவிட்டார். அவர் முகத்தில் பயம் இருந்தது. ஆனால் ஆச்சரியம் இல்லை. அதைத்தான் திரும்பத் திரும்ப நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

பிப்ரவரி 21, சனி

கை சரியாகவில்லை. அப்பா மூங்கில் சிம்பு வைத்துத் துணி சுற்றிக் கட்டியிருக்கிறார். விரல் அசைகிறது, மணிக்கட்டு நிற்கவில்லை. அதனால் அம்மா வரையும்போது நான் கீழேயிருந்து அவள் மணிக்கட்டைத் தாங்கிப் பிடிக்க வேண்டும். கோடு போகிற பக்கமெல்லாம் என் கையும் போகிறது. அம்மாவின் மூச்சு என் காதில் படுகிறது. இருவரும் சேர்ந்து ஒரு கப்பல் வரைந்தோம்.

"பாய்மரம் வளைஞ்சிடுச்சிடி."

"காத்து அடிக்குதும்மா."

"ம். நம்ம கப்பல்ல மட்டும் புயல்."

பிரஷை வாய்க்குக் கொண்டுபோக அவளால் முடியவில்லை. நான்தான் என் உதட்டில் கூராக்கிக் கொடுத்தேன். இனிக்கத்தான் செய்கிறது.

பிப்ரவரி 22

பூசையில் அம்மாவுக்காக மட்டும் வேண்டிக்கொண்டேன்.

பிப்ரவரி 25, சாம்பல் புதன்

காலையில் கோயிலில் நெற்றியில் சாம்பல் வாங்கிக்கொண்டு, அப்படியே மூவரும் அரசு ஆஸ்பத்திரிக்குப் போனோம். மாதச் சோதனை. புதிதாக வந்திருக்கிற டாக்டரம்மா ரொம்ப இளவயது. அம்மாவின் கண் இமையைத் தாழ்த்திப் பார்த்தார். கையைத் தொட்டுப் பார்த்தார். வாயைத் திறக்கச் சொன்னார். பல்லும் ஈறும் சேருகிற இடத்தில் டார்ச் அடித்து ரொம்ப நேரம் பார்த்தார்.

"ஈறுல கோடு மாதிரி நீலமா இருக்கே, எவ்வளவு நாளா இருக்கு?"

"சாயமா இருக்கும் டாக்டரம்மா," என்றாள் அம்மா.

"சாயம்னா கழுவினா போயிடுமே. வீட்ல என்ன வேலை பண்றீங்க? பேட்டரி உடைக்கறது, ஈயம் உருக்கறது, அந்த மாதிரி ஏதாவது?"

"பூந்தொட்டிங்க," என்றார் அப்பா.

"நான் போலீஸ் இல்லங்க. காரீயம் உடம்புல ஏறினா வயித்து வலி வரும், கை விழும், ஞாபகம் தடுமாறும். அம்மா ரத்தத்துலேர்ந்து குழந்தைக்கும் போகும். குழந்தை தங்காது. அதுக்குத்தான் கேக்கறேன். இதுக்கு முன்னாடி ரெண்டு கலைஞ்சிருக்குன்னு அட்டையில எழுதியிருக்கே?"

டாக்டரம்மா என்னைப் பார்த்தார். "நீ சொல்லு பாப்பா. வீட்ல என்ன செய்யறீங்க?"

அப்பாவின் செருப்பு தரையில் தேய்ந்தது. அம்மா நெற்றிச் சாம்பலோடு மடியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பூந்தொட்டி," என்றேன்.

சென்னைக்குப் போய் ரத்தம் சோதிக்க வேண்டும் என்று எழுதிக் கொடுத்தார். அடுத்த வாரம் தானே வீட்டுப் பக்கம் வருவதாகவும் சொன்னார். வெளியே வந்ததும் அப்பா அந்தச் சீட்டை மடித்து மடித்துச் சின்னதாக்கிப் பையில் வைத்துக்கொண்டார்.

பிப்ரவரி 26

கண்ணாடியில் என் வாயைப் பார்த்தேன். எனக்கும் அந்தக் கோடு லேசாக இருக்கிறது. ஆனால் நான் சில நாள் சரியாகப் பல் தேய்ப்பதில்லை. அதனால்தான்.

பிப்ரவரி 28, சனி

அண்டா விளிம்பில் காய்ந்து நின்றதையெல்லாம் நானே சுரண்டிக் கொல்லையில் புதைத்தேன், அம்மா தின்ன முடியாதபடி. சாயங்காலம் பார்த்தால் புதைத்த இடம் தோண்டியிருந்தது. அம்மாவிடம் கேட்டேன்.

"தெரிஞ்சும் ஏம்மா துன்ற? டாக்டரம்மா சொன்னாங்கல்ல?"

"வேணாம்னுதான்டி நெனைக்கிறேன். நாக்கு கேக்குது. நான் இன்னா பண்ண?" என்று அழுதாள். அம்மா சின்னப் பெண் மாதிரி அழுது நான் பார்த்ததில்லை.

அதற்குப் பிறகு அப்பாவிடம் போனேன். சத்தியத்தை மீறிவிட்டேன். அம்மா வெள்ளையைத் தின்கிறாள் என்று சொன்னேன். அப்பா அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"துன்றாளா? நான் புகையாலதான்னு நெனைச்சேன்," என்றார்.

எனக்கு ஒரு நிமிடம் விளங்கவில்லை. "புகையால என்னப்பா?"

"கம்பெனியில ஈயம் கலக்கற செக்சன்ல எங்களுக்குத் தெனம் பால் குடுப்பாங்க, பழம் குடுப்பாங்க. அது விஷத்த முறிச்சிடும்னு சொல்வாங்க. நாங்கல்லாம் நல்லாத்தான் இருந்தோம். ரெண்டு பேருக்குத்தான் கை விழுந்துச்சி." தன் கைகளைத் திருப்பிப் பார்த்துக்கொண்டு, "இந்தச் சூளையோட நிறுத்திடறேன் கண்ணு," என்றார்.

அப்படியானால் அந்தப் பால் பாசம் இல்லையா? பாசம்தானே? இரண்டும் ஒன்றாக இருக்க முடியுமா? இன்று எழுதியதை எத்தனை தடவை படித்தாலும் எனக்கு விடை கிடைக்கவில்லை.

மார்ச் 3, செவ்வாய்

மோகனரங்கம் சார் வந்தார். அம்மாவின் கையைப் பார்த்தார். "அடடா," என்றார். அப்புறம் கப்பல் டைலை எடுத்துப் பார்த்து, "இந்தக் கோடு யாரு போட்டது?" என்று கேட்டார்.

"நானும் அம்மாவும் சார்."

"பாத்தியா சவரி! கைய வீட்டுக்குள்ளயே வச்சிட்டு நீ அழுவற. பொண்ணு எழுதட்டும்."

அப்பா எழுந்து நின்றார். "அவள இதுல இழுக்காதீங்க சார். போங்க வெளிய." அப்பா சாரிடம் இப்படிப் பேசி நான் கேட்டதேயில்லை. சார் குரலை உயர்த்தவேயில்லை. பொறுமையாகச் சொன்னார். "டாக்டரு வீட்டுக்கு வரேன்னுச்சாமே. வந்து கொட்டகையப் பாத்தா யார்கிட்ட சொல்லும்? நீ உள்ள போனா இந்தம்மாவ யாரு பாத்துப்பா? யோசி."

அப்பா உட்கார்ந்துவிட்டார். எழுந்தபோது இருந்த அப்பாவையே நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

மார்ச் 5, வியாழன்

அம்மா துவைக்கப் போட்ட உள்பாவாடையில் ரத்தம் இருந்தது. கொஞ்சம்தான். "போன தடவையும் இப்பிடித்தான் ஆரம்பிச்சுது," என்றாள். பிறகு, "அப்பாவாண்ட சொல்லாத," என்றாள். எல்லாவற்றையும் சொல்லாதே, சொல்லாதே என்கிறார்கள். சொல்லாமல் இருந்தால் பாப்பா தங்குமா?

சாயங்காலம் அப்பா எங்களை உட்கார வைத்துச் சொன்னார். நாளை ராத்திரி சாரின் வேன் வருகிறது. டைலோடு நாங்களும் போகிறோம். விருத்தாசலத்தில் அத்தை வீட்டில் கொஞ்ச நாள். டாக்டரம்மா வரும்போது வீடு பூட்டியிருக்க வேண்டும்.

"அங்க ஆஸ்பத்திரி கீதாப்பா?"

"இருக்கு. எல்லாம் இருக்கு."

"அங்க போனா உண்மையச் சொல்வியா?"

அப்பா என் தலையைத் தடவினார்.

மார்ச் 6, வெள்ளி

மத்தியானம் வயிறு வலி என்று சொல்லிவிட்டுப் பள்ளியிலிருந்து கிளம்பினேன். பொய் இல்லை, வலிக்கத்தான் செய்தது. காய்ந்த வெள்ளையில் ஒரு துண்டைக் காகிதத்தில் மடித்துச் சட்டைப் பையில் வைத்திருந்தேன். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழி தெரிந்ததுதான், ஆனாலும் ஒரு முனையில் நின்று எந்தப் பக்கம் என்று தெரியாமல் விழித்தேன். ஒரு மீன்காரம்மாதான் கையைக் காட்டினார்.

டாக்டரம்மா சாப்பிட்டுக்கொண்டிருந்தார். காகிதத்தை அவர் மேசைமேல் பிரித்து வைத்தேன்.

"நாங்க செய்றது பூந்தொட்டி இல்ல. இத அம்மா துன்றாங்க."

அவர் டப்பாவை மூடிவிட்டு எல்லாம் கேட்டார். எங்கே உருக்குகிறோம், யார் அரைக்கிறார்கள், எவ்வளவு நாளாக. ரத்தம் பட்டதைச் சொன்னதும் எழுந்துவிட்டார். ஜீப் தடுப்பூசி முகாமுக்குப் போயிருக்கிறது, ராத்திரிதான் திரும்பும், வந்ததும் தானே வந்து அம்மாவைச் சென்னைக்குக் கூட்டிப்போகிறேன் என்றார். உடனே போனால் குழந்தை தங்குமா என்று கேட்டேன்.

"அத நான் சத்தியம் பண்ண முடியாதும்மா. உங்கம்மா இருப்பாங்க. அதுக்கு நான் பாடுபடறேன்."

"அப்பாவ போலீஸ் பிடிப்பாங்களா?"

அவர் கொஞ்சம் யோசித்தார். "தெரியல," என்றார். பெரியவர்கள் யாரும் என்னிடம் தெரியவில்லை என்று சொன்னதில்லை. அதனால் அவரை நம்பினேன்.

பிறகு என்னையும் வாயைத் திறக்கச் சொன்னார். எனக்கு ஒன்றும் இல்லை என்று சொன்னேன். அவர் பார்த்தார். சீட்டில் அம்மாவின் பெயருக்குக் கீழே என் பெயரையும் எழுதினார்.

இப்போது மூட்டை கட்டியாகிவிட்டது. டைலெல்லாம் வைக்கோலில் சுற்றிப் பெட்டிகளில் இருக்கிறது. அப்பா சூளைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார். முதலில் ஜீப் வருமா, வேன் வருமா என்று தெரியாது. வேன் வந்தால் நாங்கள் ஏற வேண்டும். ஏறினால் விருத்தாசலம் போகும்வரை அம்மாவுக்கு என்ன ஆகும் என்று நினைக்கப் பயமாக இருக்கிறது. ஜீப் வந்தால் அப்பாவுக்கு என்ன ஆகும் என்று நினைக்கவும் பயமாக இருக்கிறது. நான் செய்தது காப்பாற்றியதா, காட்டிக் கொடுத்ததா? இரண்டு பக்கமும் மாற்றி மாற்றி யோசித்துத் தலை வலிக்கிறது.

கொஞ்ச நேரத்துக்கு முன் அம்மா என் பக்கத்தில் வந்து படுத்தாள். எழுதுவதைப் பார்த்தாள். என் சட்டைப் பையை இடது கையால் தடவி, விரலில் ஒட்டிய வெள்ளையைப் பார்த்தாள். வாயில் வைக்கப் போகிறாள் என்று நினைத்தேன். புடவையில் துடைத்துக்கொண்டாள்.

"டாக்டரம்மாவாண்ட போனியா?"

"ம்."

"அந்த ஆஸ்பத்திரி அட்டைய எடுத்து எம் மடியில வையி."

எடுத்து வைத்தேன். அம்மா அதைத் தொங்கும் கையால் வயிற்றோடு அணைத்துக்கொண்டாள். பிறகு எழுந்துபோய், அப்பா அணைத்துவிட்டுப் போன வாசல் விளக்கைப் போட்டாள். அப்பா கொல்லையிலிருந்து, "ஏன் பிலோ வெளக்கு?" என்றார். "வர்றவங்களுக்கு வூடு தெரிய வேணாமா?" என்றாள். யார் வருவதற்கு என்று அப்பா கேட்கவில்லை. ரொம்ப நேரமாகியும் அணைக்கவும் வரவில்லை.

வண்டிச் சத்தம் கேட்கிறது. தெருமுனையில் திரும்புகிறது. நாய்கள் குரைக்கின்றன. எங்கள் வீட்டுக்கு முன்னால் நின்றுவிட்டது. கதவு திறந்து மூடுகிற சத்தம். செருப்புச் சத்தம் ஒருவருடையதா இரண்டு பேருடையதா என்று

தட்டுகிறார்கள். அம்மா என்னைத்தான் போய்த் திறக்கச் சொல்கிறாள்.